மலையேற்றமும் ஆவியடைப்பும்

வெல்லவாயவிலிருந்து எல்ல நோக்கி ஏறும் பாதை ஊவா மாகாணத்தின் வெம்மையான தாழ்நிலத்தில் தொடங்குகின்றது. இருபத்தைந்து கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரத்துக்குள் அது கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கும் மேலான உயரத்தை எட்டிவிடுகின்றது. இப்பாதையில் பழைய மோட்டார் வண்டி ஒன்றை ஓட்டிச் செல்பவர், பாரத்துடன் கீழ்க்கியரில் முனகி முனகி ஏறி, இராவணா நீர்வீழ்ச்சியண்டை வண்டியை நிறுத்தி, முகங்கழுவித் தேநீர் அருந்திவிட்டுத் திரும்புகின்றார். பத்து நிமிடத்துக்கு முன்னர் குறைவின்றி ஓடிய எஞ்சின் இப்பொழுது உயிர்பெற மறுக்கின்றது. பற்றரியில் வலுவிருக்கின்றது, தாங்கியில் பெற்றோல் இருக்கின்றது, எஞ்சின் சுழல்கின்றது, ஆனால் பற்றவில்லை. அரைமணி நேரம் கழிந்தபின், யாதொரு பரிகாரமும் செய்யாமலே, முதல் முயற்சியில் அது இயங்கத் தொடங்குகின்றது.

அந்த அரைமணி நேரத்துள் எலுமிச்சம்பழம் வெட்டியவர்களும் உண்டு. பழம் வெட்டியதும் வண்டி கிளம்பியது என்று அவர்கள் சொல்வதிற் பொய்யில்லை. ஆற அமர நின்று பழம் வெட்டுவதற்கு வேண்டிய நேரம், எஞ்சின் ஆறுவதற்கு வேண்டிய நேரமாகவும் அமைந்துவிட்டது. கற்பூரம் மட்டும் ஏற்றாதிருத்தல் நன்று. ஏன் என்பது பின்னர் விளங்கும்.

இந்நோயை ஆங்கிலத்தில் வேப்பர் லொக் என்பர். ஆவியடைப்பு என்று தமிழிற் சொல்லலாம். கராஜ்களில் வேலை செய்யும் பாஸ்மார் இதனை 'ஏர் பிடித்துவிட்டது' என்று கூறுவது வழக்கம். அச்சொல் முக்கால் பங்கு சரியானது. குழாயினுள் அடைத்துக்கொண்டு நிற்பது காற்றைப்போன்ற ஒன்றுதான். ஆயினும் அது வெளியிலிருந்து புகுந்த காற்றன்று. குழாயில் ஓடிய பெற்றோலே கொதித்து ஆவியாகி, தன் வழியைத் தானே அடைத்துக்கொண்டது. இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றினும், பரிகாரம் முழுவதும் இதனைப் பொறுத்தே அமைகின்றது. வெளிக்காற்று புகுந்திருந்தால் ஓட்டையைத் தேடவேண்டும்; பெற்றோல் கொதித்திருந்தால் வெப்பத்தைத் தேடவேண்டும்.

பெற்றோல் தண்ணீரைப்போல் ஒரே பொருளன்று. இலேசானவும் கனமானவுமான பல ஐதரோகாபன்கள் சேர்ந்த கலவை அது. அவற்றுள் இலேசானவை ஏறத்தாழ 35 பாகை செல்சியஸிலேயே ஆவியாகத் தொடங்கும். கனமானவை 200 பாகையை அண்மித்தாலன்றிப் பிரியா. இலேசான பகுதி இல்லாவிடின் பண்டாரவளைக் குளிரில் விடியற்காலையில் எந்த எஞ்சினும் கிளம்பாது. காலையில் உதவி செய்யும் அதே பகுதிதான் நண்பகலில் உபத்திரவம் செய்கின்றது. ஒரு பங்கு திரவம் ஆவியாகும்போது நூறு பங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே மெல்லிய குழாயினுள் சில துளிகள் கொதித்தாலே போதும், வழி அடைபட்டுவிடும்.

இனி, மலைநாட்டில் இந்நோய் ஏன் எளிதில் வருகின்றது என்பதைக் காண்போம். நுவரெலியாவில் பருப்பு வேகுவதற்குக் கொழும்பிலும் பார்க்கக் கூடிய நேரம் பிடிக்கும் என்பது அங்கு அடுப்பெரிக்கும் பெண்கள் எல்லோரும் அறிந்தது. கடற்கரையில் 100 பாகையிற் கொதிக்கும் தண்ணீர் அங்கு 94 பாகையளவிலேயே கொதித்துவிடுகின்றது. உயரம் கூடக் கூட வளிமண்டலத்தின் அமுக்கம் குறைவதே இதற்குக் காரணம். ஏறத்தாழ 1,225 மீற்றர் உயரத்திலுள்ள பண்டாரவளையில், கடல் மட்டத்து அமுக்கத்தில் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகின்றது. தண்ணீருக்கு உள்ள இவ்விதி பெற்றோலுக்கும் உண்டு. கொழும்பில் அமைதியாகக் குழாயில் ஓடும் பெற்றோல், அதே வெப்பத்தில் அப்புத்தளைக்கு வந்ததும் குமிழியிடத் தொடங்கலாம்.

மலைநாடு குளிரானதன்றோ, குளிரிற் பெற்றோல் கொதிப்பதெங்ஙனம் என்று கேட்கலாம். நுவரெலியாவைப் பொறுத்தவரை அக்கேள்வி நியாயமானது. ஊவாவின் தன்மை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் மலைகளின் மேற்குப் பக்கத்திற் பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாக ஊவாச் சரிவில் இறங்குகின்றது. கிழக்கே இதனைக் கச்சான் என்பர். யூலை முதல் செப்ரெம்பர் வரையில் வீசும் இக்காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிச்சுவையைப் பெற்றுத் தந்தது. கொழுந்துக்கு வாசனையைக் கொடுக்கும் அதே காற்றுத்தான் பசறைக்கும் லுணுகலைக்கும் இடையில் லொறிகளைத் தாகத்தோடு நிறுத்தி வைக்கின்றது. வெப்பமும் உயரமும் ஒருங்கே சேரும் இடம் ஊவா.

மூன்றாவது காரணம் ஒன்று எஞ்சினுக்குள்ளேயே இருக்கின்றது. பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின், பெட்போர்ட் வகை வண்டிகளில் பெற்றோல் தாங்கி ஓரிடத்திலும் எஞ்சின் வேறிடத்திலும் அமைந்திருக்கும். இடையிலுள்ள தூரத்தைக் கடந்து பெற்றோலைக் கொண்டுவருவது பம்பின் வேலை. பெரும்பாலான வண்டிகளில் இந்தப் பம்ப் எஞ்சினின் உடம்பிலேயே பொருத்தப்பட்டு, உள்ளிருக்கும் காம் தண்டினால் அசைக்கப்படும். அதனுள்ளே டயபிரம் எனப்படும் மெல்லிய சவ்வு ஒன்று ஏறி இறங்கிப் பெற்றோலை உறிஞ்சுகின்றது. உறிஞ்சுவதென்றால் என்ன? குழாயினுள் அமுக்கத்தைக் குறைப்பதே உறிஞ்சுதல். மலையேறியதால் அமுக்கம் முன்னரே குறைந்தது. பம்ப் உறிஞ்சுவதால் மேலும் குறைகின்றது. பம்போ கொதிக்கும் எஞ்சினின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. இத்தனைக்கும் இடையிற் பெற்றோல் கொதியாதிருந்தாற்றான் வியப்பு. ஆவி நிறைந்ததும் சவ்வு வீணே அசைகின்றது. திரவத்தைத் தள்ளவென அமைந்த பம்ப், ஆவியை அமுக்குவதும் விரிப்பதுமாகப் பொழுதைக் கழிக்கும். காபரேற்றருக்கு ஒரு துளியும் வந்து சேராது.

குழாயினுள் அமுக்கம் குறைவதற்கு மலை மாத்திரம் காரணமாவதில்லை. வடிகட்டியில் அழுக்குச் சேர்ந்தாலும், இறப்பர்க் குழாய் ஓரிடத்தில் மடிந்திருந்தாலும், பம்ப் கூடுதலாக உறிஞ்ச நேரிடுகின்றது. அடைபட்ட வடிகட்டியுடன் பதுளை நகரில் ஓடும் வண்டி, அதனைவிட உயரமான ஓர் ஊரில் ஓடுவதற்குச் சமம். ஆவியடைப்பு என்று அறிந்தவுடன் பெரிய மாற்றங்களைச் செய்ய விரைபவர்கள் முதலில் ஒரு புதிய வடிகட்டியை வாங்கிப் போட்டுப் பார்ப்பது செலவு குறைந்த வழியாகும்.

ஓடும்போது நில்லாத வண்டி நிறுத்தியபின் கிளம்பாததேன் என்பதையும் சொல்லவேண்டும். ஓடும் எஞ்சினுக்கு விசிறி காற்றடிக்கின்றது. தாங்கியிலிருந்து குளிர்ந்த பெற்றோல் இடைவிடாது வந்து குழாயையும் பம்பையும் நனைக்கின்றது. சாவியைத் திருப்பி நிறுத்தியவுடன் இவ்விரண்டும் நின்றுவிடும். ஆனால் இரும்பினுள் ஊறிய வெப்பம் நிற்காது. அது பம்பிலும் காபரேற்றரிலும் ஏறிக்கொண்டே இருக்கும். நிறுத்திய சில நிமிடங்களின் பின்னரே அவை மிகக்கூடிய சூட்டை அடைகின்றன. இதனால், இரண்டு நிமிடம் நிறுத்திய வண்டி கிளம்பிவிடும். பதினைந்து நிமிடம் நிறுத்தியது கிளம்பாது. ஒரு மணி நேரம் நிறுத்தியது மீண்டும் கிளம்பும்.

இந்நோயைக் கண்டறிவதில் உள்ள கடினமும் இதுவே. வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக் கராஜுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது எஞ்சின் ஆறியிருக்கும். வைத்தியர் வாசலிற் சுகமாகிவிடும் நோயாளியைப்போல, பாஸ் கைவைத்தவுடன் அது கிளம்பும். 'ஏதோ ஒன்று இருக்கத்தான் வேண்டும்' என்று காபரேற்றர் கழற்றப்படுகின்றது, பிளக் மாற்றப்படுகின்றது, கொயில் மாற்றப்படுகின்றது. அடுத்த ஏற்றத்தில் அதே கதை. கடனுக்கு வண்டி வாங்கிய தோட்டத்து இளைஞன் ஒருவனுக்கு, பிழையாகக் கண்ட நோய்க்கு மாற்றிய மூன்று உறுப்புகளின் விலை ஒரு மாத உழைப்பாகிவிடும். ஆகவே நோயைக் காணவேண்டிய இடம் கராஜ் அன்று; வண்டி நின்ற அந்த வளைவுதான்.

அங்கே பார்க்க வேண்டியவை யாவை? முதலிற் கையை வைக்கவேண்டியது தாங்கியின் மூடியில். மூடியில் காற்றுப் புகுவதற்கான ஒரு சிறு துவாரம் உண்டு. செம்மண் பாதையிற் புழுதி படிந்து அது அடைபட்டால், பெற்றோல் குறையக் குறையத் தாங்கியினுள் வெற்றிடம் உண்டாகி, பெற்றோல் வெளிவர மறுக்கும். மூடியைத் திருகும்போது 'உஸ்' என்று காற்று உள்ளிழுக்கப்பட்டு, உடனே எஞ்சின் கிளம்புமாயின், அது ஆவியடைப்பன்று, மூடியின் குற்றம். பம்ப் இல்லாமல், மேலேயுள்ள தாங்கியிலிருந்து பெற்றோல் தானாகவே இறங்கிவரும் மோட்டார் சைக்கிள்களிலும் சிறு இயந்திரங்களிலும், ஆவியடைப்பு என்று பழி சுமத்தப்படுவனவற்றுட் பல இந்தத் துவாரத்தின் வேலையே. ஆனால் சூடான தாங்கியிலிருந்து ஆவி சீறிக்கொண்டு வெளிவரவும் கூடும். ஆதலால் மூடியை மெல்ல மெல்லத் திருகவேண்டும்; பீடியோடு நிற்பவரைத் தூர அனுப்பிவிட்டே அதனைச் செய்யவேண்டும்.

அடுத்தது பிளக். கழற்றிப் பார்க்கும்போது அதன் முனை உலர்ந்திருந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை என்பது பொருள். ஆவியடைப்பு என்ற ஐயம் வலுக்கின்றது. நனைந்து பெற்றோல் மணம் வீசினால் நிலைமை நேர்மாறானது. காபரேற்றரின் கிண்ணத்திலுள்ள பெற்றோல் சூட்டிற் கொதித்துப் பொங்கி, எஞ்சினுக்குள் வழிந்து நிறைந்துவிட்டது. வெப்பம் ஒன்றே, விளைவுகள் இரண்டு. முன்னையது பட்டினி, பின்னையது அசீரணம். பொங்கி நிறைந்த எஞ்சினுக்குச் சோக்கை இழுப்பது வயிறு நிறைந்தவனுக்கு மேலும் சோறு போடுவதற்கு ஒப்பாகும். அக்சிலேற்றரை முழுவதும் மிதித்துப் பிடித்துக்கொண்டு, காற்று மிகுதியாக உட்புகும்படி எஞ்சினைச் சுழற்றுவதே அதற்கு வழி.

மூன்றாவதாக நிற்பது மின்பொறி. கொயிலும் கண்டென்சரும் சூட்டில் மாத்திரம் செயலிழந்து, ஆறியதும் திரும்ப வேலைசெய்யும் குணமுடையவை. நோயின் வெளிக்குறிகள் ஆவியடைப்பை அப்படியே ஒத்திருக்கும். தேர்ந்த பாஸ்மாரும் இதில் ஏமாறுவதுண்டு. பெற்றோல் ஆவி கலைந்தபின், பெற்றோல் இருக்கும் இடத்துக்குத் தூரத்தில், பொறி பறக்கின்றதா என்று பார்த்து இதனைப் பிரித்தறியலாம்.

இவை கடந்தபின் ஈரத்துணிச் சோதனை. ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பம்பின்மீதும், அதற்கு வரும் குழாயின்மீதும் சுற்றி வைக்கவேண்டும். பாதையின் ஓரத்தில் ஒரு காட்சி:

"அண்ணே, போத்தல்ல பெற்றோல் இருக்கு. காபரேற்றர்ல கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"வேணாம் தம்பி, போத்தலைத் தூரமா வை. ஓடையில துணிய நனைச்சுக் கொண்டா."

துணி சுற்றிச் சில நிமிடங்களுக்குள் எஞ்சின் கிளம்புமாயின் நோய் ஆவியடைப்பென்று உறுதியாகக் கொள்ளலாம். ஒரே செய்கை சோதனையாகவும் சிகிச்சையாகவும் அமைகின்றது. இந்தியாவில் அம்பாசடர் வண்டிகளை மலைப்பாதைகளில் ஓட்டிய சாரதிகளும் கோடைகாலத்தில் இதையே செய்துவந்தனர். அமெரிக்காவிலே துணி காயப்போடும் மரக்கவ்விகளைப் பெற்றோல் குழாயில் வரிசையாக மாட்டும் ஒரு பழக்கம் இருந்தது. மரக்கவ்வி வெப்பத்தை எடுத்துச் செல்லும் என்பதற்கு நல்ல நியாயம் ஒன்றும் இல்லை. எலுமிச்சம்பழத்தின் பயனுக்கு மேற்பட்ட பயன் அதனாற் கிடைத்திராது. ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும்: தண்ணீர் பம்புக்கே உரியது. சூடேறிய வார்ப்பிரும்பிலும், புகை வெளிவரும் குழாய்த்தொகுதியிலும் வாளியால் வாரி ஊற்றினால் இரும்பு வெடித்துவிடும். கொதிக்கும் ரேடியேற்றரின் மூடியைத் திறப்பதும் கூடாது.

அந்த அண்ணன் போத்தலைத் தூர வைக்கச் சொன்னது வீண் அச்சத்தினாலன்று. காபரேற்றரின் வாயிற் பெற்றோலை ஊற்றி எஞ்சினைச் சுழற்றும் வழக்கம் நம் பாதைகளிற் பரவலாக இருக்கின்றது. எஞ்சின் ஒருமுறை பின்னுதைத்தால் வாயிலிருந்து சுவாலை எழும்; போத்தல் கையில் இருக்கும். வறட்சிக் காலத்தில் ஊவாவின் பத்தனைப் புல்வெளிகள் காய்ந்து கிடக்கின்றன. மானாப்புல் ஒருமுறை பற்றிக்கொண்டால் கச்சான் காற்று அதனை மலையுச்சிவரை கொண்டு சேர்த்துவிடும். புல்வெளிக்கு அப்பால் தேயிலை. தேயிலைக்கு நடுவே லயங்கள்.

ஆவியடைப்பினால் ஏற்படும் தாமதமும் எப்பொழுதும் தேநீர் அருந்திக் கழிக்கக்கூடிய தாமதமன்று. காலையிற் பறித்த கொழுந்து சாக்குகளில் அமுக்குண்டு லொறியிற் கிடந்தால், தன் சூட்டிலேயே சிவந்து பழுதாகும். தொழிற்சாலை அதனைக் குறைந்த தரத்திலேயே ஏற்கும். அதனினும் பெரிய இழப்பும் உண்டு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கும் இலவச அம்புலன்ஸ் சேவை 2016ஆம் ஆண்டிலே தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்தது. எனினும் மடூல்சீமை, நமுனுகலைப் பக்கத்து மேற்கணக்குத் தோட்டங்களிலிருந்து பெரும்பாதை வரை, பிரசவ வலி கண்ட பெண்ணை இறக்கிவருவது பெரும்பாலும் லயத்துக்கு அண்மையிலே நிற்கும் முச்சக்கர வண்டிதான். அந்த வண்டி வளைவில் நின்றால், அரைமணி நேரம் என்பது அங்கு வேறு பொருள் கொள்ளும்.

நிலையான பரிகாரங்களுக்கு வருவோம். பெற்றோல் குழாய் எவ்வழியாகச் செல்கின்றது என்பதை விரலால் தொட்டுத் தொட்டுப் பின்தொடர்தல் முதல் வேலை. தொழிற்சாலையிற் பொருத்திய உலோகக் குழாய் துருப்பிடித்தபோது, அதற்குப் பதிலாக யாரோ ஓர் இறப்பர்க் குழாயை மாட்டியிருப்பார். அதனைத் தாங்கிப் பிடித்த கிளிப் தொலைந்திருக்கும். குழாய் தொங்கிப் புகைக்குழாயின்மேற் சாய்ந்து கிடக்கும். பழைய வண்டிகளில் காணும் ஆவியடைப்புக்கு மிகப் பொதுவான காரணங்களில் இது ஒன்று. குழாயை விலக்கிக் கட்டினால் போதும். செலவு ஒரு கிளிப்பின் விலை. விலக்க இடமில்லையாயின் இடையிலே ஒரு தகரத் தகட்டை மறைப்பாக நிறுத்தலாம். காபரேற்றருக்கும் அதனைத் தாங்கும் உலோகத்துக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தாத தடித்த அட்டை ஒன்று இருக்கவேண்டும். பழுது பார்த்தபோது அது தவறியிருக்கின்றதா என்று நோக்கவேண்டும். இவற்றால் தீராவிடின், தாங்கிக்கு அருகே ஒரு மின்பம்பைப் பொருத்தலாம். எஞ்சினண்டையிலிருந்து உறிஞ்சும் பம்ப் குழாயின் அமுக்கத்தைக் குறைக்கின்றது. தாங்கியண்டையிலிருந்து தள்ளும் பம்ப் அமுக்கத்தைக் கூட்டுகின்றது. அமுக்கம் கூடிய பெற்றோல் எளிதிற் கொதியாது. இன்றைய வண்டிகளில் பம்ப் தாங்கியினுள்ளேயே மூழ்கியிருப்பதும், பெற்றோல் மிகுந்த அமுக்கத்தோடு தெளிக்கப்படுவதும், இந்நோய் அவற்றில் அரிதானதற்குக் காரணம்.

பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்தால் கொதிப்பு அடங்கும் என்று சொல்பவர்கள் உளர். அடங்குவது உண்மை; கூடவே எஞ்சின் தட்டத் தொடங்கும், கரி படியும், காலையிற் கிளம்பாது. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகாதிருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டினார்கள். கிளப்புவதற்கு மாத்திரம் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குக் கொடுத்தார்கள். அது வேறு வழியில்லாதோர் கண்ட வழி. பெற்றோல் கிடைக்கும் ஊரில் அதனைப் பின்பற்ற வேண்டியதில்லை.

தோட்டங்களில் இன்று ஆவியடைப்பு மிகுதியாகக் காணப்படுவது சிறு இயந்திரங்களிலே. களைகொல்லியான கிளைபோசேற்று 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திற் களைக்கு எதிராகக் கைகளும் புல்வெட்டும் இயந்திரங்களும் நின்றன. தோளில் மாட்டும் அவ்வியந்திரத்தில் தாங்கியும் காபரேற்றரும் சூடான சிலிண்டரை ஒட்டியே இருக்கின்றன. நண்பகலில் ஒரு பாத்தியை முடித்து, இயந்திரத்தை வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிட்டுவந்தால் அது கிளம்பாது. சோக்கை மூடிக் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் நோவதுதான் மிச்சம். காபரேற்றரின் அடியில் இறப்பர்க் குமிழ் ஒன்று இருக்கும். அதனை விரலால் பத்து முறை அமுக்கினால், அடைத்து நின்ற ஆவி திரும்புகுழாய் வழியே தாங்கிக்குச் சென்றுவிடும். குளிர்ந்த பெற்றோல் உள்ளே வரும். பின்னர்ச் சோக்கைத் திறந்த நிலையிலே இழுக்கவேண்டும். சிலிண்டரைச் சுற்றியுள்ள செதில்களிடையே புல்லும் மண்ணும் இறுகிப் படிந்திருந்தால், எத்தனை முறை குமிழை அமுக்கினாலும் நோய் திரும்பவும் வரும். அவற்றைக் குச்சியாற் சுரண்டித் தூரிகையாற் கூட்டுவது வாரத்துக்கொரு முறையாவது நடைபெறவேண்டும்.

வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்குத் தோட்டங்களில் மண்ணெண்ணெயில் ஓடும் தண்ணீர்ப் பம்புகளுக்கு இதற்கு நேர்மாறான ஒரு குணமுண்டு. பெற்றோலிற் கிளப்பி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அவசரப்பட்டு முன்னரே மாற்றினால் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் எஞ்சின் நின்றுவிடும். ஒன்று ஆவியானதால் நின்றது. மற்றொன்று ஆவியாகாததால் நின்றது. இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பவர்கள் இருக்கின்றார்கள். டீசல் எஞ்சினில் காணும் அடைப்போ மூன்றாம் வகை. அங்கே டீசல் கொதிப்பதில்லை. தாங்கி வற்றியபோதோ இணைப்பு தளர்ந்தபோதோ உண்மையாகவே காற்றுப் புகுந்துவிடுகின்றது. திருகாணியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றவேண்டும். ஈரத்துணி அங்கு உதவாது.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கான்களிற் பெற்றோலைச் சேர்த்து வைக்கும் பழக்கம் வீடுகள்தோறும் புகுந்தது. கியூஆர் முறை 2023இல் நீங்கியபின்னும் சிலர் அப்பழக்கத்தை விடவில்லை. வெயிலிற் கிடந்த கானின் மூடியைத் திறக்கும்போது சீறி வெளிவருவது அந்த இலேசான பகுதியே. அதனைச் சூடான இயந்திரத்தில் உடனே ஊற்றுவது ஆவியடைப்பையும் தீயையும் ஒருங்கே அழைப்பதாகும். கானை நிழலில், லயத்துக்கு வெளியே, அடுப்புக்கும் குத்துவிளக்குக்கும் எட்டாத இடத்தில் வைத்து, இயந்திரம் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின்னரே ஊற்றவேண்டும். முந்திய ஆண்டின் பெற்றோல் அடியில் எஞ்சியிருக்குமாயின், அதில் இலேசான பகுதி முன்னரே போயிருக்கும். அது நண்பகலில் நில்லாது, காலையிற் கிளம்பாது.